எல்லா விதைக்கும் ஒரே பட்டம் இல்லை

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, திருவள்ளூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் மரம் நடும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அன்பர்களே,

வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலிலிருந்து ஏறி வந்து நம் வட்டாரத்து ஏரிகளை நிரப்பத் தொடங்கும் ஐப்பசி மாதத்தில், ஆலை வாயிலில் சாமியானா கட்டி, முதல் ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளரும் அலுவலக அதிகாரிகளும் அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுமாகக் கூடி, களிமண்ணில் பொதிந்த விதைப்பந்துகளைக் கூடை கூடையாக எடுத்துச் சென்று, ரயில் பாதை ஓரத்திலும் ஏரிக்கரையிலும் வேலிக்கு அப்பாலுள்ள புறம்போக்கிலும் எறிந்து மகிழும் வைபவம், சில ஆண்டுகளாக நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. உலைப் புகையையும் இரும்புத் தூசியையும் நாள்தோறும் சுவாசிக்கிற ஒரு சமுதாயம் நிழலுக்கும் பசுமைக்கும் ஏங்குவதில் வியப்பில்லை. அந்த ஏக்கத்தைச் செயலாக்க முன்வந்த உங்கள் சிரத்தையைக் குறைத்துப் பேச எனக்கு மனமும் வராது. ஆயினும், எத்தனை ஆயிரம் பந்துகள் எறியப்பட்டன என்ற கணக்கு மறுநாளே அச்சேறுகிறதே தவிர, அவற்றுள் எத்தனை முளைத்தன என்ற கணக்கை மறு வருஷத்திலும் ஒருவரும் கேட்பதில்லை என்பதை நெடுநாள் பார்த்திருந்த பின்னரே, இந்த விண்ணப்பத்தை உங்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

உங்கள் ஆலைக்குள் ஒரு லாரி இரும்புப் பில்லட் வந்து நின்றால், அதன் ஹீட் நம்பரைச் சரிபார்த்து, மாதிரித் துண்டு வெட்டிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, கரி இவ்வளவு, மாங்கனீசு இவ்வளவு என்று சீட்டு வந்த பிறகல்லவா அதை உள்ளே இறக்கச் சம்மதிக்கிறீர்கள்? அதே வாயில் வழியாக ஒரு மூட்டை வேப்பங்கொட்டை வந்தால், அது எந்த மரத்தடியில், எந்த மாதத்தில் பொறுக்கப்பட்டது, எங்கே எத்தனை நாள் கிடந்தது, அதில் உயிர் இருக்கிறதா என்று விசாரிக்க ஒருவரும் இல்லை. விதை என்றால் மண்ணில் விழுந்து மழை பெய்தால் முளைக்கும் என்ற பொதுவான நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன்.

வேம்பிலிருந்தே தொடங்குவோம், ஏனெனில் உங்கள் பந்துகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அதுதான். வேப்பம்பழம் நம் பக்கத்தில் வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆனி, ஆடி மாதங்களில் பழுத்து உதிர்கிறது. பழத்தோலையும் சதையையும் கழுவி நீக்கி, வெயிலில் வாட்டாமல் நிழலில் ஈரம் உலர்த்தி, இரண்டு மூன்று வாரங்களுக்குள் விதைத்துவிட்டால் அது செழிப்பாக முளைக்கும். அதற்குமேல் நாள் செல்லச் செல்ல முளைப்புத் திறன் வேகமாக இறங்கி, சில மாதங்களில் மூட்டையில் எஞ்சுவது பெரும்பாலும் எண்ணெய்க்கு ஆகும் கொட்டையே அன்றி விதை அன்று. ஆனியில் பொறுக்கிய அந்தக் கொட்டையை, தகரக் கூரை போட்ட ஸ்டோர் அறையின் உஷ்ணத்திலும் கடற்காற்றின் ஈரத்திலும் ஐப்பசி வரை போட்டுவைத்து, பிறகு அதைக் களிமண்ணில் உருட்டிப் பந்தாக்கி எறிவது, எவ்வளவு நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டாலும், செத்த விதைக்குச் செய்யும் மண்ணடக்கமாகவே முடிகிறது. நாவலும் இத்தகையதே, நாவற்கொட்டை உலர்ந்தால் உயிர் விடும் சுபாவமுடையது, ஆகவே பழத்தைத் தின்று துப்பிய வாரத்திலேயே அது மண்ணைக் காண வேண்டும். தக்க காலத்தில் மண்ணைக் கண்டுவிட்டாலோ, ஒரே நாவற்கொட்டையிலிருந்து இரண்டும் மூன்றுமாகக் கன்றுகள் எழுவதையும் பார்க்கலாம்.

விதைகளின் இந்த இருவகைச் சுபாவத்தை 1973-இல் ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பெயரிட்டு வகுத்தார். நெல், பயறு, கொன்றை முதலியவை உலர உலர ஆயுள் நீளுபவை. மா, பலா, நாவல், கண்டல் முதலியவை உலர்ந்தால் மாளுபவை. முதல் வகைக்கு ஹாரிங்டன் என்பவர் கண்ட எளிய விதி ஒன்று உண்டு: விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும், வைத்திருக்கும் இடத்தின் உஷ்ணம் 5 டிகிரி குறைந்தாலும் அவ்வாறே இரட்டிக்கும் என்பது அது. நார்வே தேசத்தின் வடகோடித் தீவில் உறைபனிக்குள் 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைக் கிடங்கு இந்த விதியை நம்பித்தான் நிற்கிறது. இரண்டாம் வகை விதைகளுக்கு அந்தக் கிடங்கிலும் இடமில்லை. நம் பாட்டிமார் விதைநெல்லை நன்றாகக் காயவைத்து, நொச்சி இலையும் வேப்பிலையும் இட்டுக் குதிரில் காத்ததும், பலாக்கொட்டையை அவ்வாறு காக்க ஒருபோதும் முயலாததும், இந்த விதியை அவர்கள் கையாலேயே அறிந்திருந்தார்கள் என்பதற்குப் போதிய சான்று.

இனி, விதைக்குள் நடப்பது என்ன என்பதைச் சற்றுப் பார்த்தல் அவசியம்; அதை அறியாமல் நாம் செய்யும் உபகாரங்கள் சில சமயம் அபகாரங்களாகிவிடுகின்றன. விதை நீரை உறிஞ்சி ஊதுகிறதே, அது உயிரின் அடையாளம் அன்று. செத்த விதையும் அப்படியே ஊதும். ஊறிய பிறகு உயிருள்ள கரு மூச்சுவிடத் தொடங்குகிறது. பிராணவாயு இல்லாவிடில் அந்த மூச்சு திணறிப்போகிறது. தானியங்களில் கருவானது ஜிப்பெரெல்லின் என்னும் ஒரு தூண்டுபொருளைச் சுரந்து தவிட்டுப் படலத்துக்கு அனுப்ப, அந்தப் படலம் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகளை வெளியிடுகிறது; முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி தித்திப்பதன் ரகசியம் இதுவே. இந்தத் தூண்டுபொருள் உலகுக்குத் தெரியவந்த கதையும் நெல்லோடு சேர்ந்ததுதான். நாற்றுகள் ஒரு பூஞ்சணத்தால் அளவுக்கு மீறி வளர்ந்து வெளிறிச் சாயும் நோயை ஆராய்ந்த ஜப்பானியரான குரொசாவா, பூஞ்சணம் சுரக்கும் ஏதோ ஒன்றே அந்த நெட்டை வளர்ச்சிக்குக் காரணம் என்று 1926-இல் காட்டினார்; அந்த ஏதோ ஒன்றை விதைகளும் தாமே சுரக்கின்றன என்பது பின்னரே புலப்பட்டது.

ஆக, நீர், காற்று, தக்க உஷ்ணம் என்ற மூன்றும் எல்லா விதைக்கும் பொது. இவற்றுள் காற்றைத்தான் நாம் மறக்கிறோம். கட்டடம் எழுப்பும்போது ரோலர் ஓட்டி இறுக்கப்பட்டு, கசடும் ஜல்லியும் கலந்துபோன ஆலை வளாகத்து மண்ணில், மழை பெய்தால் நீர் தேங்கும், வெயில் அடித்தால் ஓடு பிளந்து நிற்கும். அந்த மண்ணில் விதை அழுகுவது விதையின் குற்றமன்று. பசுமை வளையத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, இலைமக்கு சேர்ப்பதற்குச் செலவிடும் தொகை, சாமியானாவுக்குச் செலவிடும் தொகையைவிடப் பன்மடங்கு பயன் தரும் என்பது என் அபிப்பிராயம்.

பொதுவானவை இவ்வளவே; இதற்கு அப்பால் ஒவ்வொரு விதையும் தன் வழியே செல்கிறது. இதைக் கண்ணாரக் காண ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. கல்யாண வீட்டுப் பாலிகைக் கிண்ணம் போதும். நவதானியத்தை ஒரே மண்ணில், ஒரே நாளில், ஒரே கையால் தெளித்துவிட்டு நான்காம் ஐந்தாம் நாள் குனிந்து பாருங்கள். உளுந்தும் பாசிப்பயறும் கொள்ளும் மொச்சையும் எள்ளும் தண்டின் கீழ்ப்பகுதியை வளைத்து நிமிர்த்தி, தம் இரு பருப்புகளையும் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வருகின்றன. துவரையும் கொண்டைக்கடலையும் தம் பருப்புகளை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு, மெல்லிய குருத்தை மட்டும் மேலே அனுப்புகின்றன. நெல்லும் கோதுமையும் ஓர் ஊசிமுனைக் குருத்துறையை முன்னே விட்டு, அதன் பாதுகாப்பில் முதல் இலையை நீட்டுகின்றன. உளுந்தும் துவரையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும், அப்படியிருந்தும் ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் முளைக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்த்தால், உறவைப் பார்த்து விதையின் நடத்தையை ஊகிக்கக் கூடாது என்பது விளங்கும். இதில் உங்களுக்கு நேரடியான பிரயோஜனமும் உண்டு: பருப்பைத் தூக்கிக்கொண்டு வரவேண்டிய விதையை ஆழப் புதைத்தாலோ, கெட்டியான களிமண் உருண்டைக்குள் அடைத்தாலோ, சுமையோடு அந்தத் தடையை உடைத்து வெளிவர முடியாமல் கழுத்தொடிந்து மடியும், பருப்பைக் கீழே விட்டுச் செல்வது அதே ஆழத்தைச் சுலபமாகக் கடந்துவிடும். புளியங்கொட்டை முதல் வகை, மாங்கொட்டை இரண்டாம் வகை.

நெல்லைப் பற்றிச் சொல்லாமல் திருவள்ளூர் மாவட்டத்தைப் பற்றிப் பேசுவது முறையாகாது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகங்களின் பெயரைச் சொல்லி வாழ்ந்த ஏரிப்பாசன நாடு இது. இங்கே திரூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1952-இல் வெளிவந்த டி.கே.எம். 6 என்ற ரகம், தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காகக் கடல் கடந்து சென்று, பிலிப்பைன்ஸ் தேசத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1969-இல் வெளியிட்ட ஐ.ஆர். 20-க்குப் பெற்றோரில் ஒன்றாயிற்று. உங்களுள் பலருடைய தந்தையர் இந்த நெல்லை விதைத்தவர்களாகவே இருப்பார்கள். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் விதையைக் கொட்டி, மேலே மிதக்கும் பொக்கை நீக்கி, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் அலசி, ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, ஈரச் சாக்கில் கட்டி வைத்தால், மறுநாள் அந்த மூட்டைக்குள் கையை விட முடியாதபடி சூடேறியிருக்கும். ஆயிரக்கணக்கான கருக்கள் ஒருங்கே மூச்சுவிடுவதால் பிறந்த உஷ்ணம் அது. நெல்லுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஏனைய தானியங்கள் மூச்சுத் திணறிச் சாகும் நீருக்கடியிலும் அது குருத்துறையை நீட்டிக்கொண்டு மேலே காற்றைத் தேடிச் செல்லும். ஆனால் வேர் விடாது, காற்றுக் கிடைத்த பிறகே வேர் பிடிக்கும். நாற்றங்காலில் முளைவிட்ட விதையைத் தெளித்தபின் நீரை வடிக்கும் வழக்கம் இதனை ஒட்டியதே.

அதே நெல்லில் அறுவடையானவுடன் முளைக்க மறுக்கும் ரகங்களும் உண்டு, முளைக்கத் தவிக்கும் ரகங்களும் உண்டு. உறக்கம் அறவே இல்லாத ரகம் புயல் மழையில் சாய்ந்துவிட்டால், கதிரிலேயே முளைத்து உழவனின் உழைப்பை வீணாக்கும். உறக்கம் மிகுந்ததோ, புது விதையாக வாங்கி உடனே விதைத்தால் பாதிகூட எழும்பாது. அரை விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து எழுப்ப வேண்டியிருக்கும். ஆகவே விதை உறங்குவது ஒரு குறை என்று எண்ணிவிடக் கூடாது. கெட்ட காலத்தில் விழித்துக்கொள்ளாமல் இருப்பதும் பிழைப்பதற்கான ஓர் உபாயமே.

அந்த உறக்கத்தின் நீளம் எவ்வளவு என்பதை அறிய அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 1879-இல் பற்பல களைச் செடிகளின் விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் இட்டு, வாய் கீழ்நோக்கிப் புதைத்துவைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் குறித்த ஆண்டில் குறித்த புட்டியை, வெளிச்சம் படாதபடி இரவில் தோண்டியெடுத்து வருகிறார்கள். 2021-இல் எடுத்த புட்டியிலும், 142 ஆண்டுகளுக்குப் பிறகு, சில விதைகள் முளைத்தன. கடைசிப் புட்டிக்குக் குறித்த ஆண்டு 2100. ஒரு தொழிற்சாலையின் ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் அடங்காத பொறுமை இது என்று சொல்லி மேலே செல்கிறேன்.

உறங்குபவற்றுள் கடினத் தோல் உடையவற்றை எழுப்புவது உங்கள் கைக்கு எட்டிய காரியம். சரக்கொன்றைக் காயை உடைத்து எடுத்த விதையை அப்படியே பந்தில் வைத்தால், நீர் புகாத அதன் தோல் கரையும் வரை அது மண்ணில் சும்மா கிடக்கும். அதற்குள் எலியோ கறையானோ வெள்ளமோ அதன் கதையை முடித்துவிடும். ஃபிட்டர் பிரிவில் கிடக்கும் எமரித் தாளில் விதையின் ஒரு பக்கத்தை, கண் இருக்கும் முனையை விட்டு, பளபளப்புப் போகும் வரை தேய்த்து ஓரிரவு ஊறவையுங்கள். மறுநாள் இரண்டு மடங்காக ஊதியிருப்பவை தயார், ஊதாதவற்றை மறுபடியும் தேய்க்கலாம். சூபாபுல் போன்றவற்றுக்குக் கொதித்து இறக்கிய நீரை ஊற்றி ஆறவிட்டாலே போதும். கந்தக அமிலத்தில் முக்கியெடுக்கும் முறையும் நூல்களில் உண்டு. அமிலத்துக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் நம்முடையது ஆகையால், அந்த முறையை மரம் நடும் குழுவினர் கையில் எடுக்க வேண்டாம் என்று தனியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

நாம் எமரித் தாளால் செய்வதை ஆடும் மாடும் வயிற்றால் செய்கின்றன. 1870-களில் கடப்பைப் பக்கம் கொண்டுவந்து விதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் சீமைக்கருவேலம் இன்று நம் ஏரி வயிறுகளையெல்லாம் நிறைத்துக் கிடப்பதற்குக் காரணம், அதன் இனிப்பான நெற்றுகளைக் கால்நடைகள் தின்று, தோல் பதப்பட்ட விதையை எருவோடு சேர்த்து ஊர் ஊராக விதைத்ததுதான். மனிதன் முயன்று நட்டது சொற்பம். உங்கள் விதைப்பந்துக் களிமண்ணுக்கு ஏரி வண்டலையும் தொழுவத்து எருவையும் அள்ளும்போது, அதற்குள் இந்த விருந்தாளி ஒளிந்திருக்கிறானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நட்ட வேம்பு போய், நடாத கருவேலம் எழுந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஆலும் அரசும் வேறு ரகம். கடுகிலும் சிறிய அந்த விதைகளுக்குச் சேமிப்பு உணவு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஆகையால் வெளிச்சம் தெரியும் இடத்தில்தான் அவை முளைக்கத் துணிகின்றன, ஆழத்தில் முளைத்தால் மேலே வருவதற்குள் பட்டினியால் மாளும். பறவை எச்சத்தோடு விழுந்து, ஆலைச் சுவரின் விரிசலிலும் மழைநீர்க் குழாயின் வளைவிலும் அரசங்கன்று தலைநீட்டுவது இதனால்தான். விதைக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை அமெரிக்க வேளாண் விஞ்ஞானிகள் 1952-இல் லெட்டூஸ் கீரை விதையைக் கொண்டு தெளிவாக்கினார்கள்: சிவப்பு ஒளி பட்டால் முளைக்கும், அதைவிட நீண்ட அலையுடைய தொலைசிவப்பு ஒளி பட்டால் உறங்கும், கடைசியாக எது பட்டதோ அதன்படி நடக்கும். அடர்ந்த மரத்தின் இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடுவதால், நிழலில் விழுந்த சிறுவிதை மேலே இடம் இல்லை என்று உணர்ந்து காத்திருக்கிறது. அரச விதையைக் களிமண் பந்தின் நடுவில் வைத்து இருட்டறையில் அடைப்பது எவ்வளவு பொருந்தாத காரியம் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. சுவரில் முளைத்த கன்றை வேர் இறங்கும் முன் பக்குவமாகப் பெயர்த்து எடுத்துப் பையில் வளர்த்தால், சுவரும் பிழைக்கும், மரமும் கிடைக்கும்.

இப்போது, என் மனத்துக்கு மிக நெருங்கிய விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி தொடங்கி ஐப்பசி வரை பனம்பழம் விழும் காலம். அதாவது, பழம் விழும் காலமும் நம் மழைக்காலமும் கைகோத்து வரும் அபூர்வமான மரம் பனை. தமிழ்நாடு அரசு 2021-இல் தன் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே 76 லட்சம் பனை விதைகளை வழங்கப்போவதாக அறிவித்தது. உங்கள் குழுக்களும் அந்த உற்சாகத்தில் ஏரிக்கரைகளில் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறீர்கள். ஊன்றிய பலரும் அடுத்த பொங்கலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு இலைகூட இல்லையே என்று மனம் சோர்ந்ததை நான் அறிவேன். அவர்கள் பார்த்த அந்த நேரத்தில் விதை உண்மையில் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது, பூமிக்குள்.

பனங்கொட்டை முளைக்கும்போது, அதன் வித்திலையின் காம்பு ஒரு குழல்போல நீண்டு, கருவின் குருத்தையும் வேர்முனையையும் தன் நுனியில் ஏந்திக்கொண்டு, கொட்டையை விட்டு வெளியேறி, நேரே கீழே இறங்குகிறது. ஓரடி, இரண்டடி, மண் இடம் கொடுத்தால் அதற்கும் மேல். அந்த ஆழத்தை அடைந்த பிறகே வேர் பரப்பத் தொடங்கி, மாவுச்சத்தைச் சேர்த்து உறையைப் பருக்கவைத்துக்கொள்கிறது. தை மாதத்தில் நாம் தோண்டி வேகவைத்துத் தின்னும் பனங்கிழங்கு இதுதான். இதற்கிடையில் வித்திலையின் மறுநுனி கொட்டைக்குள்ளேயே தங்கி, வெண்பஞ்சாகப் பருத்து, கல்லைப்போல் இறுகிய பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது. கிழங்கு பிடுங்கும்போது கொட்டையை வெட்டி, தவுன் என்றும் பூரான் என்றும் சொல்லிப் பிள்ளைகள் சண்டையிட்டுத் தின்கிற பண்டம் அந்த வெண்பஞ்சே. சென்னைத் தெருக்களில் தள்ளுவண்டியில் விற்கும் தேங்காய்ப்பூவும் இதே உறுப்புத்தான். தென்னையோ ஆழம் தேடாமல் மட்டைக்குள்ளேயே வேரையும் குருத்தையும் விட்டு, சில மாதங்களில் தலைகாட்டிவிடுகிறது. பனையின் முதல் இலை வெளியே தெரிய ஏறக்குறைய ஓர் ஆண்டுகூட ஆகலாம். தன்னை முதலில் தீயும் மாடும் எட்டாத ஆழத்தில் நிலைநிறுத்திக்கொண்டு, அதன் பின்னரே மேலே எட்டிப் பார்க்கும் இந்த மரத்தை, பையில் வளர்த்துப் பெயர்த்து நடுவது மிகக் கஷ்டம், பந்தாக எறிவதோ நடவாத காரியம். அதன் இடத்திலேயே குழி எடுத்து ஊன்றுவதே வழி. ஊன்றிய இடத்தில் ஓர் அடையாளக் கல்லும், இங்கே பனை இருக்கிறது என்று ஒரு பலகையும் வைப்பது அதைவிட முக்கியம். ஒன்றும் முளைக்கவில்லை என்று நினைத்துக் கரையைச் சீர்செய்ய வந்த ஜேசிபி இயந்திரம், ஓரடி ஆழத்தில் குருத்தோடு இருந்த வரிசையை வாரிக்கொண்டு போன காட்சி நம் மாவட்டத்தில் புதியதன்று.

மறுகோடியில் நிற்பவை கழிமுகத்துச் செடிகள். பழவேற்காட்டு ஏரியின் ஓரங்களிலும், சாம்பல் படிந்து தூர்ந்துவரும் எண்ணூர்க் கழிமுகத்திலும் இன்னும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் வெண்கண்டலுக்கு உறக்கமே கிடையாது. தாய்மரத்தில் தொங்கும்போதே அதன் கரு விதைத்தோலைக் கிழித்துக் காய்க்குள் வளர்ந்துவிடுகிறது. நீரில் விழுந்ததும் மேல்தோல் கழன்று, மடிந்த தடித்த வித்திலைகள் மிதவையாக, அலை கொண்டுபோய்ச் சேர்க்கும் சேற்றில் வேரூன்றுகிறது. பிச்சாவரத்துச் சுரபுன்னையோ இன்னும் ஒரு படி மேலே சென்று, காயையும் துளைத்து நீண்ட முளைத்தண்டை வெளியே தொங்கவிட்டு, அந்த உருவத்திலேயே கீழே விழுகிறது. உப்பும் மூச்சுமுட்டும் சேறும் பச்சிளங் கருவைக் கொன்றுவிடும் இடத்தில், பிள்ளையை வளர்த்து அனுப்புவதே அங்கே பிழைக்கும் வழி. காட்டுப்பள்ளி, எண்ணூர்ப் பக்கத்து நண்பர்கள் கண்டல் நட விரும்பினால், அந்த முளைக்காய்களை மூட்டை கட்டி வைத்துச் சடங்கு நாளுக்காகக் காத்திருக்காமல், மரத்தடியில் சேகரித்த சில தினங்களுக்குள், ஓதநீர் வந்து போகும் சேற்றில், மீனவர் பெரியவர்களைக் கலந்துகொண்டு நட வேண்டும். எந்த மட்டத்தில் எத்தனை நாழிகை நீர் நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

விதைப்பந்தையே நான் பழிப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அதைப் புதுப்பித்து உலகுக்குக் காட்டியவர் ஜப்பானிய விவசாயி மசனோபு ஃபுகுவோகா. 1975-இல் அவர் எழுதிய நூல் பின்னர் தமிழிலும் வந்து பலரை மாற்றியது. அவர் களிமண் பூசியது, நெல்லும் பார்லியும் போன்ற தானியங்களைக் குருவியிடமிருந்தும் எலியிடமிருந்தும் காக்க. மண்ணின்மேல் தெளித்தால் தானாக எழும் சுபாவமுள்ள விதைகளுக்கு அது அருமையான உபாயம். எல்லா விதையையும் ஒரே உருண்டையில் அடைக்கும் சோம்பல் நம்முடையது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. எந்த விதை வந்தாலும், பழம் பறித்த தேதியை உங்கள் ஸ்டோர் புத்தகத்தில் எழுதுங்கள். மூட்டையிலிருந்து நூறு விதையை எடுத்து, அதற்குரிய பக்குவம் செய்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணுங்கள்; சான்றுபெற்ற நெல்விதைக்கு நம் நாட்டில் குறைந்தது 80 விழுக்காடு, உளுந்துக்கு 75, வெண்டைக்கு 65 முளைப்புத் திறன் வேண்டும் என்று விதி இருக்கும்போது, மரவிதைக்கு மட்டும் கேள்வியே இல்லாமல் போவானேன்? வேம்பையும் நாவலையும் ஆனி ஆடியிலேயே பையில் முளைக்கவைத்து, ஐப்பசியில் கன்றாக நடுங்கள். கொன்றையைத் தேய்த்து விதையுங்கள். பனையை அதன் இடத்தில் ஊன்றிக் கல் நடுங்கள். ஆண்டு விழாவில் எறிந்த எண்ணிக்கையைப் படிப்பதற்குப் பதில், சென்ற ஆண்டு நட்டவற்றுள் உயிரோடு இருப்பவற்றின் எண்ணிக்கையைப் படித்தால் கைதட்டல் குறையக்கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேப்பம்பழம் முதலில் உதிர்வது ஆனி பிறக்கும் முன்பே நடந்துவிடுவதுண்டு. நாற்றங்கால் பைகளுக்கும் செம்மண்ணுக்கும் தொழுவுரத்துக்கும் வேண்டிய கோரிக்கைச் சீட்டைச் சித்திரையிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கொள்முதல் பிரிவு ஒப்பமிட எவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்ஙனம்,
இவ்வட்டாரத்துப் பழைய குடிமகன் ஒருவன்